மிச்சம் வைத்த குளிசைகள்

ஜூன் 5, திங்கள்

இந்தக் கொப்பியை இன்று காலை பர்வீன் என்கிற பிள்ளை தந்துவிட்டுப் போனாள். மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் முகாமில் இருபது வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஒரு கொப்பியும் இரண்டு சின்ன டப்பாவும் கொடுத்திருக்கிறாள். கொப்பியில் அறுபது நாளைக்கு எழுத வேண்டும். டப்பாவில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறகு எழுதுகிறேன். இப்போதுதான் தேநீர் குடித்தேன்.

இடது பக்கத்தில் மூன்று கட்டம் போட்டிருக்கிறாள்: சாப்பாடு, மருந்து, வயிறு. "எதையும் விடாம எழுதுங்கண்ணே. சின்ன விஷயம்னு ஒண்ணும் கிடையாது" என்றாள்.

என் மனைவி பிலோமினா உள்ளேயிருந்து, "தங்கச்சி, அதை மட்டும் இந்தாளிட்டச் சொல்லாதேங்கோ. ஒரு முட்டை வாங்கின கதையை அரை நாள் சொல்லுவார்" என்றாள்.

அந்த முட்டைக் கதை உண்மையிலேயே நல்ல கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

என் பெயர் செபமாலை. ஊர் மன்னார்ப் பக்கம். தமிழ்நாட்டில் இந்த அகதி முகாமுக்கு வந்து பதினேழு வருடம். வேலை, பெயின்ட் அடிப்பது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் சுவர் விளம்பரம் எழுதி எழுதிக் கை திருந்திவிட்டது. என் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும். சுவருக்குப் பழகிய கை.

வலது பக்கம் வெறுமையாக இருக்கிறது. இடது பக்கம் பர்வீனுக்கு, வலது பக்கம் எனக்கு என்று வைத்துக்கொள்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது வலது பக்கங்களைக் கிழித்துவிடலாம்.

சாப்பாடு: புட்டு, சம்பல். மருந்து: இல்லை. வயிறு: நல்லது.

ஜூன் 7, புதன்

டப்பா விஷயம். காலைக் கடனில் ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டு, மூடி, பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டித் தர வேண்டும். என் எண் 41.

எங்கள் வரிசையில் முப்பது வீட்டுக்கு நான்கு கக்கூஸ். அதில் ஒன்றுக்குக் கதவில்லை. விடிகிற நேரம் வாளியோடு வரிசையில் நிற்கிறேன், கையில் டப்பா. பக்கத்து வீட்டு லீலா பார்த்துவிட்டாள்.

"என்ன செபமாலையண்ணை, பொக்கிசம் மாதிரிப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்?"

"ஆராய்ச்சிக்கு."

"அடக் கடவுளே. இவ்வளவு நாளும் உள்ள போற அரிசியைத்தான் அளந்தாங்கள். இப்ப வெளிய வாறதையும் அளக்கப் போறாங்களோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், எனக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் வந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜூன் 9, வெள்ளி

லீலா, மகளுக்கு இருமல் என்று குளிசை (இங்கே மாத்திரை என்பார்கள்) கேட்டு வந்தாள். டின்னைத் திறந்தேன்.

டின்னைப் பற்றி இதுவரை எழுதவில்லை. பழைய பிஸ்கட் டின். முகாமில் யாருக்கு எந்த டாக்டர் கிருமிக் குளிசை எழுதினாலும், மூன்று நாள் போட்டுவிட்டு மிச்சத்தை என்னிடம் கொண்டுவந்து தருவார்கள். தேவைப்படுகிறவர்கள் வந்து எடுப்பார்கள். ஊசி போடுகிற கம்பவுண்டர் மாதிரி எனக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு, அது இந்த டின்னால்.

அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் எனக்குப் புரியாது. அதனால் நிறத்தால் பிரித்துவைத்திருக்கிறேன். பெயின்ட் கம்பெனி தருகிற ஷேட் கார்டு ஒன்றை மூடியில் ஒட்டி, எந்த நிறம் எதற்கு என்று ஆட்களைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். மாம்பழ மஞ்சள், பல்லுக்கும் காதுக்கும். செங்கல் சிவப்பும் கறுப்பும் சேர்ந்த கேப்சூல், சளிக்கும் மூத்திர எரிவுக்கும். நீள வெள்ளை, காய்ச்சலுக்கு. வெளிர் ரோஸ், வயிற்றுப்போக்குக்கு. லீலாவுக்குச் சிவப்பு-கறுப்பில் இரண்டு கொடுத்தேன்.

டின் இருக்கிற இடம், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற பை. எங்கள் வீட்டில் அதற்கு ஓடுற பை என்று பெயர். அகதி அட்டை, ஞானஸ்நானப் பத்திரம், ஒரு டோர்ச், ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, டின். மூன்று தடவை ஓடியவன் நான். கடைசியாக ஓடியது 2006. அதற்குப் பிறகு ஓட வேண்டி வரவில்லை. பை மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை.

இது என் மருந்து இல்லை, லீலா மகளின் மருந்து. இடது பக்கத்தில் எழுதத் தேவையில்லை.

ஜூன் 10, சனி

சாப்பாடு: இடியப்பம், சொதி. மருந்து: இல்லை. வயிறு: நல்லது.

(பல் வலித்தது. மாம்பழ மஞ்சள் ஒன்று. ஒரே ஒரு குளிசையெல்லாம் மருந்தில் சேருமா?)

ஜூன் 17, சனி

பர்வீன் வந்து இடது பக்கங்களைப் பார்த்தாள். "மருந்துன்னு ஒண்ணுமே இல்லியேண்ணே. கன்னம் வீங்கியிருக்கு, பல்வலிக்குக்கூட எதுவும் போடலியா?"

"கராம்பு வச்சனான், பிள்ளை" என்றேன்.

பிறகு பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன், என் வயிற்றில் எத்தனை கிருமி இருக்கும் என்று. கேட்டது நல்லதாகப் போயிற்று.

"உங்க ஒடம்பு எத்தன கோடி செல்லால ஆனதோ, ஏறக்குறைய அத்தன கோடி கிருமி உள்ள இருக்குண்ணே."

"அவ்வளவு சனமோ! எப்ப வந்து குடியேறின?"

"பொறந்த நாள்லேர்ந்து வந்துகிட்டே இருக்கு. அம்மாகிட்டேர்ந்து, தண்ணியிலேர்ந்து, சாப்பாட்டுலேர்ந்து. முக்காவாசி நல்லதுதான். செரிக்க வைக்கும், கெட்டது குடியேறாமப் பாத்துக்கும்."

"அப்ப கிருமிக் குளிசை போட்டா?"

"நல்லதும் சேந்து சாகும். சாகாமத் தப்பிக்கிற ஒண்ணு ரெண்டு, எடம் காலியா இருக்குன்னு பெருகிடும். அதுக்கு அடுத்த தடவ அந்த மருந்து வேலைக்காகாது."

ஆட்கள் போய்க் காலியான ஊரில் யார் வந்து இருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததா? இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் பிரைமர் அடித்துக்கொண்டே நாள் முழுக்க யோசித்தேன். நான் தூங்கும்போது அதுகள் தூங்குமா? மன்னாரில் குடியேறியவையும் இங்கே குடியேறியவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா? நான் படகேறி வந்தபோது எத்தனை கோடிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒருவருக்கும் பதிவு இல்லை! தனியாகச் சிரித்தேன். மேஸ்திரி, "என்னப்பா சிலோன்காரரே, வெயிலா?" என்று கேட்டார்.

ஜூன் 22, வியாழன்

பிலோமினா தண்ணீர் குடிப்பதில்லை. இன்றுதான் கவனித்தேன். கேட்டால், குடித்தால் போக வேண்டும், போனால் வரிசையில் நிற்க வேண்டும் என்கிறாள். இப்போது குடிக்காமலேயே நாலைந்து தடவை போய் வருகிறாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"எரியுதோ?"

"ஓம்."

"எத்தினை நாளா?"

"நீங்கள் வயித்துக்குள்ள இருக்கிற சனத்தை எண்ணத் தொடங்கின நாளில இருந்து."

சிவப்பு-கறுப்பு, காலை ஒன்று, பின்னேரம் ஒன்று.

ஜூன் 25, ஞாயிறு

எரிவு போய்விட்டது. மூன்று நாள், ஆறு குளிசை. எடுத்துவைத்ததில் மிச்சம் நான்கு, டின்னுக்குத் திரும்பியது. பூசைக்குப் போய் வந்தோம். ஆட்டு ஈரல் கறி.

ஜூலை 1, சனி

பிலோமினாவுக்குக் காய்ச்சல். நடுக்கம் என்றால், கட்டிலே ஆடுகிறது. விலாவுக்குப் பின்னால் குத்துகிறது என்கிறாள். நீள வெள்ளை கொடுத்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாவது வெள்ளை. பிறகு மாம்பழ மஞ்சளும்.

லீலா வந்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ அண்ணை" என்றாள். இந்த டின் இருக்கும்போது எதற்கு என்று கேட்டேன்.

பிலோமினாவின் கட்டிலருகே உட்கார்ந்து எழுதுகிறேன். டின் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

2006-இல் படகுக்காரன் எங்களைக் கரையில் இறக்கவில்லை. நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பதினொரு பேர். மேலே வானம், சுற்றிலும் தண்ணீர், குடிக்க இல்லை. அதற்கு முந்தின வாரம் ஓடும்போது தகரம் வெட்டிய காயம் பிலோமினாவின் காலில். அது பழுத்து, கால் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. உடம்பு கொதித்தது. அந்தப் பதினொரு பேரில் ஒரு மனிசி, பெயர் தெரியாது, புட்டிப் பால் குடிக்கிற பிள்ளையோடு வந்தவள். தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஆறு கேப்சூல் எடுத்தாள். சிவப்பு-கறுப்பு. "என்ர அவருக்குத் தந்தது. மூண்டு நாள்ள சுகமாயிட்டுது, மிச்சத்தை வச்சிருந்தனான்" என்றாள். ஒரு கேப்சூலுக்கு ஒரு மிடறு தண்ணீர் என்று தன் போத்தலிலிருந்தும் தந்தாள். இரண்டாம் நாள் கடற்படைக்காரர் வந்து ஏற்றியபோது பிலோமினா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த மனிசி மிச்சம் வைக்காமல் இருந்திருந்தால் இன்று எனக்கு மனைவி இல்லை. அதனால் மிச்சம் வைக்கிறோம். முகாமில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வைத்தேன். பாதி இப்போதைக்கு, பாதி ஓடும்போது.

சாப்பாடு: எழுதவில்லை. வயிறு: தெரியாது.

ஜூலை 4, செவ்வாய்

இன்று காலை என் இரண்டாவது டப்பாவை வாங்க வந்த பர்வீன் பிலோமினாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டப்பாவையும் எங்களையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். அவள் கல்லூரியின் ஆஸ்பத்திரிதான். பிலோமினாவை வார்டில் சேர்த்தாயிற்று. சிறுநீரகத்துக்குக் கிருமி ஏறிவிட்டது என்கிறார்கள்.

டாக்டர் அம்மா கேட்டார்: "இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?"

"ஒண்டும் இல்லை, அம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன மாசம்?"

"இல்லை."

பிலோமினா என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் பார்த்த பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 6, வியாழன்

மூன்றாம் நாளாக ஊசி. காய்ச்சல் அப்படியே. பேச்சுக் கொடுத்தால் மணல்திட்டில் இருப்பதுபோல் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறாள்.

தாழ்வாரத்தில் பர்வீன் என்னைக் கண்டாள். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "வாங்கண்ணே, பத்து நிமிஷம். நீங்க கேட்டீங்கல்ல, உங்க வயித்துல இருக்கறவங்களக் காட்டறேன்" என்று கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனாள்.

உள்ளங்கை அளவில் இரண்டு வட்டத் தட்டு, மேலே கண்ணாடி மாதிரி மூடி. மூடியில் 41. உள்ளே வெளிர் மஞ்சள் பசை. எங்கள் தொழிலில் அந்த நிறத்துக்கு ஐவரி என்போம். அதன்மேல் ஒரு மெல்லிய படலம், ஒரே சீராக, நல்ல கைக்காரன் ஒரே இழுப்பில் அடித்த கோட் மாதிரி. அதுதான் நான். என் சனம். நான் நினைத்ததைவிட வடிவாக இருந்தார்கள்.

படலத்தின்மேல் வெள்ளைக் காகிதப் பொட்டுகள், தட்டுக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு.

"ஒவ்வொரு பொட்டுலயும் ஒரு மருந்துண்ணே. மருந்து வேலை செஞ்சா, பொட்டச் சுத்தி கிருமி வளராது. வட்டமா வெறுமையா இருக்கும், பாருங்க, இந்த மாதிரி."

மூன்று பொட்டுகளைச் சுற்றித்தான் வட்டம் இருந்தது. மற்ற ஒன்பதிலும் படலம் பொட்டின் ஓரம்வரைக்கும் போய்த் தோளோடு தோள் நின்றது.

"இது என்ன குளிசை?" என்று ஒரு பொட்டைக் காட்டினேன்.

அவள் ஒரு பெயர் சொன்னாள். எனக்குப் பெயர் வேண்டாம், நிறம் சொல் என்றேன். யோசித்துச் சொன்னாள்: "கேப்சூலா வரும். சிவப்பும் கறுப்பும்."

"இது?"

"இது வெள்ளை. நீளமா இருக்கும்."

"இது மஞ்சள்தானே? மாம்பழ மஞ்சள்?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது வெளிர் ரோஸ்" என்றேன், அடுத்த பொட்டைக் காட்டி.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எந்த வீட்டுலேர்ந்து, எப்படி வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுண்ணே. தண்ணி, கக்கூஸ், கோழிப்பண்ணை, ஏன், ஆஸ்பத்திரிலேர்ந்தே வரும். உங்க மேல தப்புன்னு நான் சொல்லல."

நான் ஒன்றும் கேட்கவில்லையே.

வட்டம் விட்ட மூன்றில் எது எது என் டின்னில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு பஸ் ஏறினேன்.

ஜூலை 7, வெள்ளி

டின்னை டாக்டர் அம்மாவின் மேசையில் வைத்துத் திறந்தேன். மூடியில் ஷேட் கார்டைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் சிரித்துவிட்டார். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை.

"போன மாசம் எரிவுக்கு இது ஆறு. காய்ச்சலுக்கு இது நாலு. பிறகு மஞ்சள் ரெண்டு. போன மாரியில இருமலுக்கு இது. அதுக்கு முந்தி..." எல்லாம் சொன்னேன். ஐந்து வருடத்துக்குச் சொன்னேன். கதை சொல்கிறவனுக்கு ஞாபகம் குறையாது.

"செவ்வாக்கெழமை ஏன் சொல்லல?"

"பறிச்சுப்போடுவியள் எண்டு நினைச்சனான், அம்மா."

பிலோமினாவின் சிறுநீர்ச் சோதனைத் தாள் அப்போதுதான் வந்திருந்தது. டாக்டர் அம்மா அதை என் பக்கம் திருப்பினார். பன்னிரண்டு வரி. என் தட்டும் அவள் தாளும் ஒன்றுதான். மூன்றே மூன்று. "நீங்க சொல்லியிருந்தா இதத்தான் அன்னிக்கே குடுத்திருப்பேன்" என்று ஒரு வரியில் கோடு போட்டு, ஊசியை மாற்றினார்.

டின் அங்கேயே இருந்துவிட்டது. கேட்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள். உப்பில்லை என்று திட்டினாள்.

ஜூலை 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வட்டம் விட்ட மூன்றில் இரண்டு ஊசி, ஒன்றுதான் குளிசை. பழங்காலத்துக் குளிசையாம், இப்போது அதிகம் எழுதுவதில்லையாம். வட்டமான சாதாரண வெள்ளை. நாளுக்கு இரண்டு, ஒன்பது நாள், பதினெட்டு. "கடைசி மாத்திரை வரைக்கும்" என்று டாக்டர் அம்மா மூன்று தடவை சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது பிலோமினாவுக்குத் தட்டைப் பற்றி எல்லாம் சொன்னேன். படலம், பொட்டு, வட்டம். "உனக்குள்ள இருக்கிறதும் எனக்குள்ள இருக்கிறதும் ஒரே சனம், பிலோ. ஒரே மூண்டுக்குத்தான் அடங்குது" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்ப உங்களுக்கும் வருமோ?" என்று கேட்டாள். "வரலாம், வராமலும் விடலாம்" என்றேன்.

ஜூலை 15, சனி

லீலாவுக்குத் தொண்டை நோவு.

"குளிசை தாங்கோ அண்ணை."

"டின் இல்லை."

"உங்கட மனிசிக்குச் சுகமான உடன எங்களுக்கு இல்லையோ? என்ர பாதியும் அதுக்குள்ள கிடந்ததுதானே!"

நான் சுவரைக் காட்டினேன். "லீலா, மழைக்குச் சுவரில பாசி பிடிக்குது. அரைவாசி சுரண்டிப்போட்டு மேல பெயின்ட் அடிச்சா என்ன நடக்கும்? அடுத்த மழைக்கு அந்த மிச்சப் பாசி பெயின்டையும் தள்ளிக்கொண்டு வரும். பிறகு எந்தப் பெயின்டும் நிக்காது."

"அப்ப என்ர தொண்டையைச் சுரண்டவோ?"

"உப்புத் தண்ணியில கொப்பளி. மூண்டு நாள்ள போகாட்டி என்னோட பஸ் ஏறு, நானும் வாறன்."

"பெரிய டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதே வார்த்தையைப் போன மாதம் வேறு மாதிரிச் சொன்னாள்.

பிலோமினா நன்றாக இருக்கிறாள். குளிசை நேரத்துக்குத் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் வருகிறாள். பின்முற்றத்தில் காற்று நல்லது என்கிறாள்.

ஜூலை 18, செவ்வாய்

ஆஸ்பத்திரித் தாளைப் பத்திரமாக வைக்கலாம் என்று ஓடுற பையை இறக்கினேன். டின் இருந்த இடத்தில் அவளுடைய மாற்றுடுப்பு. அதற்குள் செய்தித்தாள் முடிச்சு. அவிழ்த்தேன். வட்டமான சாதாரண வெள்ளை, ஏழு.

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, பிலோ?"

நிமிரவில்லை. "தெரியேல்லையோ? குளிசை."

"உனக்குத் தந்த குளிசை."

"எனக்குச் சுகமாயிட்டுதுதானே."

"டாக்டரம்மா மூண்டு தரம் சொன்னவ!"

"சொன்னவதான்." கத்தியை வைத்தாள். "தட்டைப் பாத்திட்டு வந்து ஆர் சொன்னது, மூண்டுக்குத்தான் அடங்குது எண்டு? அதில குளிசை இது ஒண்டுதான் எண்டு? உங்கட வயித்திலயும் அதே சனம்தானே இருக்கு. நாளைக்கு உங்களுக்கு வந்தா நான் எங்க போவன்? இது கடையில இருக்குமோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? அண்டைக்கு அந்த மனிசி எனக்கு ஆறு தந்தவ. நான் உங்களுக்கு ஏழு வச்சிருக்கிறன்."

பூனை மீன் தலையை இழுத்துக்கொண்டு போனதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் பக்கத்தில் குந்தினேன். "பிலோ, நீ பாதியில விட்டா, உனக்குள்ள மிச்சம் இருக்கிறதுகள் இந்தக் குளிசையையும் பழகிக்கொள்ளும். எங்களுக்கு ஒரே சட்டி, ஒரே கக்கூஸ். அங்கயிருந்து எனக்கு வரும். வரேக்க நீ வச்ச ஏழும் சும்மா சுண்ணாம்புக்கட்டி. எனக்கெண்டு நீ வைக்கிறதாலதான் எனக்கு மருந்து கேக்காமப் போகும்."

"அப்ப அந்த மனிசி தந்தது?"

"அது கேட்டது. அண்டைக்குக் கேட்டது."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, "தண்ணி தாங்கோ" என்றாள்.

ஒரு செம்பு நிறையக் கொடுத்தேன். குளிசையைப் போட்டு, முழுவதும் குடித்தாள்.

ஜூலை 19, புதன்

பர்வீனுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். டாக்டர் அம்மாவைக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தாள். திட்டவில்லை. இன்றே வரச் சொன்னார்கள். போனோம். சிறுநீர் எடுத்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், இன்றிலிருந்து புதிதாகப் பத்து நாள் என்று புது அட்டை தந்தார்கள். அந்த மிச்சத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இனிக் குளிசையை என் முன்னால்தான் போட வேண்டும் என்றேன். "நீங்கள் எனக்கு முன்னால கொப்பியை வாசியுங்கோ, சரிக்குச் சரி" என்றாள். வாசித்தேன். வலது பக்கங்களை. மணல்திட்டு வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 23, ஞாயிறு

லீலாவின் தொண்டை தானாகச் சரியாகிவிட்டதாம். என்னிடம் சொல்லவில்லை. பிலோமினாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 28, வெள்ளி

காலை ஒன்று. பின்னேரம் ஒன்று. முடிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு குளிசை அட்டை முழுக்க வெறுமையாகி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு குழியும் உள்ளே அமுங்கி, வெள்ளித்தாள் கிழிந்து, கையில் எடுத்தால் கனமே இல்லை. பிலோமினா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட வேண்டி வந்தா?" என்று கேட்டாள்.

"ஓடுவம்."

"ஒண்டும் இல்லாமலோ?"

பையை இறக்கி அவளிடம் காட்டினேன். டின் இருந்த இடத்தில் இப்போது இரண்டு தாள், அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. என்னுடையதைப் பர்வீனிடம் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு வரி. மூன்றுக்கு மட்டும் பச்சை மையால் நானே வட்டம் போட்டிருக்கிறேன். எந்த ஊரில் போய் இறங்கினாலும் அங்கே இருக்கிற டாக்டரிடம் இதைத்தான் முதலில் நீட்ட வேண்டும் என்றேன்.

"தண்ணிபடாமப் பொலித்தீன்ல சுத்துங்கோ" என்றாள். சுற்றினேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

அறுபதாம் நாள். பிலோமினாவின் கடைசிச் சோதனையில் கிருமி வளரவில்லை. மத்தியானம் பர்வீன் கொப்பி வாங்க வருகிறாள்.

என் வயிற்றில் இருப்பவர்கள் எப்போது போவார்கள் என்று போனில் கேட்டேன். தேவையில்லாமல் குளிசை போடாமல் இருந்தால், நல்லவர்கள் திரும்பி வந்து இடம் பிடிக்க, இவர்கள் குறைந்துகொண்டு போவார்களாம். சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். சிலருக்குப் போகவே மாட்டார்களாம். ஆறு மாதம் கழித்து இன்னொரு டப்பா தர முடியுமா என்று நானாகவே கேட்டேன். பர்வீன் சிரித்துவிட்டாள், இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

வலது பக்கங்களைக் கிழிப்பதற்குப் பிளேடு எடுத்துவைத்திருந்தேன். பிலோமினா அதை எடுத்துக்கொண்டு போய் வெங்காயம் நறுக்குகிறாள். எங்கள் வீட்டில் கத்தி இல்லாமல் இல்லை.

சாப்பாடு: சோறு, சூடை மீன் குழம்பு, முருங்கைக்கீரை.

மருந்து: ஜூன் 10, மாம்பழ மஞ்சள் ஒன்று. அதற்குப் பிறகு இல்லை.

வயிறு: ஆட்கள் இருக்கிறார்கள். சத்தம் இல்லை.